தூரத்தை அருகாக்கும் சிறிய கமெரா

படுவான்கரையின் மேற்குப்புற வட்டைகளில் யானை இறங்கிவிட்டது என்று சத்தம் கேட்டால் முன்பெல்லாம் மக்கள் தேடுவது தீப்பந்தத்தையும் தகரத்தையும்தான். இன்று அவற்றோடு கைத்தொலைபேசியும் வெளியே வருகின்றது. படம் எடுத்துப் பார்த்தால் பச்சை வெள்ளாமைக்கு நடுவே மிளகளவில் ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். விரலால் இழுத்துப் பெருப்பித்தால் அது பெரிய புள்ளியாகுமே தவிர யானையாகாது. எனவே இளைஞர்கள் இன்னும் கொஞ்சம் கிட்டப் போகின்றார்கள்.

இந்தக் "கொஞ்சம் கிட்ட" என்பதில்தான் ஆபத்து இருக்கின்றது. யானை மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் ஓடக்கூடியது என அளந்து கண்டிருக்கின்றார்கள். அதாவது செக்கனுக்கு ஏறத்தாழ 7 மீற்றர். 50 மீற்றர் தூரத்தில் நின்று படம் எடுப்பவருக்கு ஓடித் தப்ப 7 செக்கன்தான் உண்டு. அதுவும் வரம்பிலும் சேற்றிலும் ஓட வேண்டும். 2023 ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் யானை – மனித மோதலில் 150க்கு மேற்பட்ட மனிதரும் 400க்கு மேற்பட்ட யானைகளும் உயிரிழந்தனர். இத்தொகையில் ஓர் உயிரும் ஒரு படத்துக்காகக் கூடிவிடக்கூடாது.

தூரத்தில் நின்றே கிட்ட இருப்பதுபோலப் படம் பிடிக்கும் சிறிய டிஜிட்டல் கமெராக்கள் உண்டு. சட்டைப் பைக்குள் அல்லது சிறு தோள்பைக்குள் அடங்கும் இவற்றின் வில்லை, பொத்தானை அழுத்தினால் குழல்போல வெளியே நீளும். கிராம அபிவிருத்திச் சங்கமோ, கமக்காரர் அமைப்போ, பங்கு இளைஞர் குழுவோ பொதுவில் ஒன்றை வாங்கி வைத்தால் யானைக்கும் பயன்படும், வாவிப் பறவைகளுக்கும் பயன்படும், வெள்ளம் வந்தால் உடைந்த அணைக்கட்டைப் பதிவுசெய்யவும் பயன்படும். ஆனால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களை நம்பி வாங்கினால் ஏமாற நேரிடும். எனவே அந்த எண்களின் பொருளை முதலில் பார்ப்போம்.

"40 எக்ஸ்" என்றால் என்ன?

40 எக்ஸ் என்றதும் கண்ணால் காண்பதைவிட 40 மடங்கு பெரிதாகத் தெரியும் என்றே பலரும் நினைக்கின்றனர். அப்படியல்ல. வில்லையின் மிகக் கூடிய குவியத் தூரத்தை மிகக் குறைந்த குவியத் தூரத்தால் பிரித்தால் வரும் விடைதான் அந்த எண். உதாரணமாக, 2018 இல் வெளிவந்த கனொன் பவர்ஷொட் எஸ்எக்ஸ்740 எச்எஸ் என்ற கமெராவின் வில்லை, பழைய 35 மில்லிமீற்றர் பிலிம் கமெரா அளவில் சொன்னால், 24 இலிருந்து 960 மில்லிமீற்றர் வரை செல்லும். 960 ஐ 24 ஆல் பிரித்தால் 40. அதே பிலிம் அளவில் ஏறத்தாழ 50 மில்லிமீற்றர் வில்லைதான் கண் காணும் காட்சிக்குக் கிட்டியது என்பது படப்பிடிப்பாளர் வழக்கு. அதன்படி கணக்கிட்டால் இது கண்ணுக்கு 19 மடங்கு நெருக்கமாகக் காட்டுகின்றது. சாதாரணத் தொலைநோக்கி 8 அல்லது 10 மடங்குதான் என்பதால் 19 மடங்கும் சிறிதல்ல. ஆனாலும் 40 அல்ல.

இதனால் கடையில் "எத்தனை எக்ஸ்?" என்று கேட்பதைவிட "எத்தனை மில்லிமீற்றரில் தொடங்கி எத்தனையில் முடிகிறது?" என்று கேட்பது நல்லது. 24 இல் தொடங்கும் 30 எக்ஸ் 720 இல் முடியும். 28 இல் தொடங்கும் 30 எக்ஸ் 840 வரை போகும். எக்ஸ் ஒன்றுதான், எட்டும் தூரம் வேறு.

குறைந்த எண்ணையும் மறந்துவிடக்கூடாது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயத் தேரோட்டத்தில் சனத்துக்கு நடுவே நின்று தேர் முழுவதையும் ஒரே படத்துக்குள் அடக்க வேண்டுமென்றால் அகன்ற பக்கம்தான் உதவும். 28 ஐ விட 24 இல் கூடுதலாக அடங்கும். கூட்டம் நடக்கும் சிறு மண்டபத்துக்குள்ளும் இதே கதைதான்.

எட்டும் தூரத்தை வயல் கணக்கில் சொன்னால் விளங்கும். 100 மீற்றர் தள்ளியுள்ள வரம்பைப் பார்த்து 24 மில்லிமீற்றரில் எடுத்தால் ஏறத்தாழ 145 மீற்றர் அகலமான காட்சி படத்தில் விழும். அதே இடத்தில் நின்று 960 க்கு நீட்டினால் மூன்றரை மீற்றருக்குச் சற்றுக் கூடிய அகலம்தான் விழும். அந்தத் தூரத்தில் யானை நின்றால் தலையும் காதும் படத்தை நிரப்பிவிடும். 300 மீற்றருக்குப் பின்வாங்கினால் காட்சியின் அகலம் ஏறத்தாழ 11 மீற்றர். முழு யானையும் தாராளமாக அடங்கும், காதின் கிழிசல் தெரியும் அளவுக்கு விபரமும் இருக்கும். எங்கள் கருத்தில் இந்த 300 மீற்றர்தான் இக்கமெராவின் உண்மையான பெறுமதி. இடையில் ஒரு வாய்க்காலோ வேலியோ இருந்தால் இன்னும் நல்லது.

பெட்டியின் மேல் "டிஜிட்டல் சூம்" என்று இன்னொரு பெரிய எண்ணும் இருக்கும். அது வில்லையின் வேலையல்ல. எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெருப்பிக்கும் வேலை. வீட்டில் கணினியில் நாமே செய்யக்கூடியதைக் கமெரா முன்கூட்டிச் செய்து தருகின்றது. அமைப்புகளுக்குள் சென்று அதை நிறுத்திவிடுவதே சிறந்தது. கைத்தொலைபேசிகளின் சூமும் பெரும்பாலும் இவ்வகையே. விலை கூடிய சில தொலைபேசிகளில் 5 எக்ஸ் அல்லது 10 எக்ஸ் வரை உண்மையான வில்லை உண்டு. அதற்கு மேலே சொல்லப்படும் 30, 100 எல்லாம் பெருப்பிப்புத்தான்.

நெல்மணி அளவு தகடு

இவ்வளவு நீளமான வில்லையை இவ்வளவு சிறிய பெட்டிக்குள் எப்படி அடக்கினார்கள்? ஒளியை வாங்கிப் படமாக்கும் சென்சர் என்ற தகட்டை மிகச் சிறிதாக்கியதே அதன் இரகசியம். இக்கமெராக்களின் தகடு ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் அகலமும் நாலரை மில்லிமீற்றர் உயரமும் கொண்டது. அகலம் ஒரு நெல்மணியின் நீளம்தான். பழைய பிலிம் சட்டம் 36 க்கு 24 மில்லிமீற்றர். பரப்பில் ஏறத்தாழ 30 மடங்கு வித்தியாசம். தகடு சிறிதானால் வில்லையும் சிறிதாகலாம். மேலே சொன்ன 960 என்பது ஒப்பீட்டு எண்தான். அந்த வில்லையின் சொந்தக் குவியத் தூரம் 172 மில்லிமீற்றர் மட்டுமே. அதனால்தான் முழுக் கமெராவும் 300 கிராமுக்குள் நிற்கின்றது.

சிறிய பாத்திரத்தில் மழைநீர் குறைவாகத்தான் பிடிபடும். ஒளியும் அவ்வாறே. போதாததற்கு, சூமை நீட்ட நீட்ட வில்லையின் வாயும் ஒடுங்குகின்றது. பெட்டியில் "எஃப் 3.3 – 6.9" என்பதுபோல் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது அகன்ற பக்கத்துக்கு, இரண்டாவது நீண்ட பக்கத்துக்கு. எண் கூடினால் ஒளி குறையும். 3.3 இலிருந்து 6.9 க்குப் போகும்போது தகட்டில் விழும் ஒளி நாலில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகின்றது. நண்பகலில் இது தெரியாது. மாலை ஆறு மணிக்கு நன்றாகத் தெரியும். யானை வயலுக்கு இறங்குவதோ அந்த நேரத்தில்தான்.

ஒளி குறைந்தால் கமெரா இரண்டில் ஒன்றைச் செய்யும். கதவைக் கூடிய நேரம் திறந்து வைக்கும், அப்போது ஆடும் காதும் தும்பிக்கையும் கலங்கிவிடும். அல்லது ஐஎஸ்ஓ என்ற உணர்திறனைக் கூட்டும், அப்போது படம் முழுவதும் மணல் தூவியதுபோல் பொரிப்பொரியாக வரும். இருட்டில் தூரத்து யானையைத் துல்லியமாக எடுக்கும் சிறிய கமெரா இன்னும் வரவில்லை என்பதை வாங்குமுன் சங்கத்தில் எல்லோருக்கும் சொல்லிவிடுவது நல்லது. பிளாஷ் விளக்கின் வெளிச்சம் சில மீற்றருக்கு அப்பால் போகாது. யானைக்கு முன்னால் அதை அடிக்கவே கூடாது.

ஆனால் நம் பகுதிக்கு ஓர் அனுகூலம் உண்டு. எழுவான்கரை, படுவான்கரை என்று முன்னோர் வைத்த பெயரிலேயே படப்பிடிப்புப் பாடமும் இருக்கின்றது. எமக்கு வாவி கிழக்கே, காடு மேற்கே. மாலையில் யானை மேற்கிலிருந்து வரும்போது சூரியனும் அதன் முதுகுக்குப் பின்னால்தான் நிற்கும். படத்தில் கறுப்பு நிழல் மட்டுமே விழும். விடியற்காலையில் அதே யானை காட்டுக்குத் திரும்பும்போது சூரியன் எம் முதுகுப் பக்கம். காது, வால், தழும்பு எல்லாம் வெளிச்சத்தில் தெரியும். எனவே யானையைக் காலையில் எடுங்கள். வாவிப் பறவைகளுக்கு இது எதிர்மாறு. படுவான்கரையிலிருந்து வாவியை நோக்கினால் மாலை வெயில்தான் கூழைக்கடாவின் மேலும் நீர்க்காகத்தின் மேலும் நேராக விழும். கண்ணாக்காட்டில் கூடு கட்டியுள்ள பறவைகளை இக்கமெராவால் கரையிலிருந்தே எடுக்கலாம். தோணியைக் கிட்ட விட்டுத் தாய்ப்பறவையைக் கலைத்தால் காகம் முட்டையை எடுத்துவிடும்.

நண்பகலில் வேறொரு தொல்லை. சூடேறிய வயலுக்கும் நீர்ப்பரப்புக்கும் மேலே காற்று நெளியும். நீண்ட சூம் அந்த நெளிவையும் சேர்த்துப் பெருப்பிக்கும். கமெரா பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டாம். காலை வரை பொறுத்தால் போதும்.

கை நடுக்கம்

19 மடங்கு நெருக்கமாகக் காட்டும் வில்லை கை நடுக்கத்தையும் 19 மடங்காக்கும். நடுக்கத்தைச் சரிசெய்யும் பொறி இவ்வகைக் கமெராக்கள் எல்லாவற்றிலும் உள்ளது. இது இல்லாததை வாங்கவே வேண்டாம். இருந்தாலும் முழுச் சூமில் வெறுங்கையால் எடுப்பது கடினம். முக்காலி வாங்கப் பணமில்லையென்றால் ஒரு சிறு துணிப்பையில் பாதியளவு நெல் நிரப்பி, அதை வேலிக் கட்டையிலோ மோட்டார் சைக்கிள் இருக்கையிலோ பரண் கம்பிலோ வைத்து அதன்மேல் கமெராவை அமர்த்துங்கள். இரண்டு செக்கன் கழித்து எடுக்கும் நேரங்காட்டியைப் போட்டால் பொத்தானை அழுத்தும் அசைவும் படத்தில் வராது.

முழுச் சூமில் பொருளைக் கண்டுபிடிப்பதும் ஒரு வித்தைதான். பறவை சற்று நகர்ந்தாலும் திரையில் வெறும் வானம். இதற்கெனச் சில கமெராக்களில் ஒரு பொத்தான் வைத்திருக்கின்றார்கள். அதை அழுத்தினால் வில்லை சுருங்கி அகன்ற காட்சியைக் காட்டும், பொருளைக் கண்டதும் விட்டுவிட்டால் முன்பிருந்த அளவுக்குத் திரும்பவும் நீளும். வாங்கும்போது இது இருக்கின்றதா என்று பாருங்கள். கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரம் இருந்தால் இன்னும் நல்லது. வெயிலில் பின்பக்கத் திரை வெளிறிவிடும், முகத்தோடு அணைத்துப் பிடித்தால் நடுக்கமும் குறையும். ஆனால் இப்போது வரும் சிறிய கமெராக்கள் பலவற்றில் அது இல்லை. 2025 இல் வந்த பனசொனிக் லூமிக்ஸ் டீஇசட்99 இலும் இல்லை. அது 24 – 720 மில்லிமீற்றர், 30 எக்ஸ். புதிய தொலைபேசிகளின் சார்ஜர் கம்பியாலேயே அதற்கு மின்னேற்றலாம் என்பது வசதி.

இதைவிடத் தூரம் எட்டுவனவும் உண்டு. நிக்கொன் கூல்பிக்ஸ் பி900 என்பது 2015 இல் 2000 மில்லிமீற்றர் வரையும், பி1000 என்பது 2018 இல் 3000 மில்லிமீற்றர் வரையும் சென்றன. நிலவின் குழிகளைக்கூடக் காட்டும். ஆனால் முதலாவது ஏறத்தாழ 900 கிராம், இரண்டாவது 1400 கிராமுக்கு மேல். இவை பைக்குள் அடங்குபவை அல்ல, எங்கள் தேவைக்கு அவசியமுமல்ல.

தெரிவு செய்ய அதிக வகைகள் இன்று இல்லை. 2010 இல் உலகெங்கும் 12 கோடிக்கு மேற்பட்ட டிஜிட்டல் கமெராக்கள் தொழிற்சாலைகளிலிருந்து வெளியேறின. 2023 இல் அது 80 இலட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. சாதாரணப் படங்களைக் கைத்தொலைபேசி பறித்துக்கொண்டது. சிறிய கமெராவுக்கு மிஞ்சியிருக்கும் பெரும் பலம் இந்த நீண்ட வில்லைதான். ஆகவே பலர் பாவித்ததையே வாங்க நேரலாம். வாங்குமுன் வில்லையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே சிலந்தி வலைபோல் பூஞ்சணம் படர்ந்திருக்கின்றதா என்று பாருங்கள். சூமைப் பத்துத் தடவை நீட்டிச் சுருக்குங்கள். கரகரவென்ற சத்தம் வந்தால் விட்டுவிடுங்கள். அந்த வகைப் பற்றரி இன்னும் கடைகளில் கிடைக்கின்றதா என்பதையும் விசாரியுங்கள்.

படம் சொல்லும் உண்மையும் பொய்யும்

ஊரில் "இருபது யானை வந்தது" என்பார்கள். ஐந்து யானை நான்கு இரவு வந்திருக்கும். படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் இந்தக் குழப்பம் தீரும். யானைகளை ஆய்வாளர்கள் அடையாளம் காண்பது பெரும்பாலும் காதின் ஓரத்தைக் கொண்டுதான். கிழிசல், துளை, மடிப்பு ஆகியன யானைக்கு யானை வேறுபடும். வால் நுனி மயிர், முதுகின் வளைவு, தும்பிக்கையிலும் காதிலும் உள்ள வெளிறிய புள்ளிகள் என்பனவும் உதவும். இலங்கையில் ஆண் யானைகளிலும் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவற்றுக்கே தந்தம் உண்டு என்பதால் தந்தத்தைக் கொண்டு மட்டும் அடையாளம் சொல்ல முடியாது. ஒவ்வொரு யானைக்கும் இடப்பக்கம், வலப்பக்கம், முன்பக்கம் என மூன்று படம், திகதி, வட்டையின் பெயர். இப்படி ஒரு கொப்பி இருந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்துடனோ மண்முனை தென்மேற்குப் பிரதேச செயலகத்துடனோ பேசும்போது எந்த யானை, எந்த வழியால், எந்த மாதத்தில் என்று சொல்லலாம். வெறும் முறைப்பாட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் பெரிது.

இதற்குக் கமெராவின் மணிக்கூடு சரியாக இருக்க வேண்டும். பற்றரி நீண்ட நாள் இறங்கிக் கிடந்தால் திகதி பழையபடி தொடக்கத்துக்குப் போய்விடும். ஒவ்வொரு படத்தோடும் எடுத்த நேரத்தையும் சூமின் அளவையும் கமெரா தானாகவே எழுதி வைக்கின்றது. வட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படத்தை அனுப்பினால் இவ்விபரங்கள் கழன்றுவிடும், படமும் சுருங்கும். மூலப்படத்தை அட்டையிலேயே பாதுகாத்து, அதிகாரிகளுக்குப் பிரதியைக் கொடுங்கள். நட்டஈட்டுக்கும் பயிர்க் காப்புறுதிக்கும் படம் துணைதான். உத்தியோகத்தர் வந்து பார்வையிடுவதற்கு அது பதிலாகாது.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். நீண்ட சூம் பொய்யும் சொல்லும். ஒரு வீட்டிலிருந்து 600 மீற்றர் தள்ளி நின்று அதை எடுக்கின்றோம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு 200 மீற்றர் பின்னால் யானை நிற்கின்றது. படத்தில் அது வீட்டு முற்றத்திலேயே நிற்பதுபோல் தெரியும். வெகு தூரத்திலிருந்து பார்க்கும்போது முன்னே பின்னே நிற்பவற்றுக்கு இடையிலான இடைவெளி நசுங்கிவிடுவதே காரணம். கமெரா எதையும் மாற்றவில்லை, ஆனால் பார்ப்பவர் தவறாக விளங்கிக்கொள்வார். இத்தகைய படம் ஊர் ஊராகப் பரவினால் வீண் பீதி வரும். பின்னர் அதிகாரி நேரில் வந்து தூரத்தை அளந்தால், உண்மையான முறைப்பாட்டையும் நம்பமாட்டார். ஆகவே நின்ற இடத்தை விட்டு அசையாமல் மூன்று படம் எடுங்கள்: முழுக் காட்சிக்கு ஒன்று, நடுச் சூமில் ஒன்று, முழுச் சூமில் ஒன்று. மூன்றையும் சேர்த்தே கொடுங்கள். ஊரார் அறிந்த மருதமரமோ மின்கம்பமோ முதற் படத்தில் விழுந்தால் இடத்தைப் பற்றி வாதமே வராது.

மனிதரை எடுப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 300 மீற்றர் தூரத்தில் யானையின் காதைக் காட்டும் வில்லை, அதே தூரத்திலுள்ள குளிக்கும் துறையையும் அடுத்த வீட்டு முற்றத்தையும் காட்டும். எடுக்கப்படுபவருக்கு அது தெரியவே தெரியாது. 1987 தையிலும் 1991 ஆனியிலும் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் நடந்த படுகொலைகளையும் அதன் பின்னர் பல ஆண்டு நீடித்த யுத்தத்தையும் கண்ட மக்கள் இவர்கள். யாரோ தூரத்தில் நின்று தம்மைக் குறிவைத்துப் பார்க்கின்றார் என்ற உணர்வு இவர்களுக்கு நல்ல நினைவைத் தராது. மனிதரை எடுப்பதானால் கிட்டப் போய்ச் சம்மதம் கேட்டு, சூமைச் சுருக்கி எடுங்கள். யானை தாக்கி ஒருவர் இறந்த வீட்டில் அழுது நிற்பவர்களை வேலிக்கு வெளியே நின்று இழுத்து எடுப்பதை எந்தச் சங்கமும் அனுமதிக்கக்கூடாது. படை முகாம்கள் இருக்கும் பக்கம் வில்லையை நீட்டவும் வேண்டாம். பொதுக் கமெராவை யார் எடுத்துச் சென்றார், எதற்காக என்று ஒரு பதிவுக் கொப்பியில் ஒப்பம் வாங்குவது இந்த விடயத்திலும் உதவும்.

இனிப் பராமரிப்பு. நீளும் குழலுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளிதான் இக்கமெராக்களின் பலவீனம். குழல் நீளும்போதும் சுருங்கும்போதும் வெளிக்காற்றையும் அதிலுள்ள தூசியையும் உள்ளே இழுக்கும். சூடடிப்புக் களத்தில் பதரும், வாவிக்கரையில் உப்பும் அதனோடு போகும். பதர் பறக்கும் இடத்தில் குழலை நீட்டியபடி வைத்திருக்காதீர்கள். தோணியில் போகும்போது பொலித்தீன் பைக்குள் வைத்து, எடுக்கும்போது மட்டும் வெளியே எடுங்கள். மண்முனைப் பாலத்தில் நின்று எடுத்துவிட்டு வந்தாலும் வீட்டுக்கு வந்ததும் மெல்லிய ஈரத் துணியால் உடலையும், உலர்ந்த மென்துணியால் வில்லையையும் துடையுங்கள். மாரி காலத்தில் இறுக்கமாக மூடக்கூடிய பிளாஸ்டிக் பெட்டியில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள் இரண்டுடன் வையுங்கள். அரிசிக்குள் புதைத்து வைக்கும் வழக்கம் வேண்டாம், அரிசி மா குழலுக்குள் போய்விடும். பற்றரியைக் கழற்றித் தனியே வைத்து, மாதம் ஒருமுறை மின்னேற்றி, திகதியைச் சரிபார்த்து, அட்டையிலுள்ள படங்களை இரண்டு வெவ்வேறு இடங்களில் பிரதிசெய்த பின்னரே அட்டையை அழியுங்கள்.